வாசலுக்கு வந்த சீமைப் பூக்கள்

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஆட்டோ, தையல் மெஷின், ஜெராக்ஸ் மெஷின், ஜூஸ் கடை மிக்ஸி... எல்லாவற்றின் கழுத்திலும் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரே பூ. செண்டுமல்லி. மெட்ராஸ் பாட்டிகள் துலுக்கச் சாமந்தி என்பார்கள். யாரைக் கேட்டாலும், 'காலங்காலமா இதானே சார் வழக்கம்' என்றுதான் பதில் வரும்.

காலங்காலமாக என்றால், எவ்வளவு காலம்?

செண்டுமல்லியின் சொந்த ஊர் மெக்ஸிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் அதைத் தங்கள் தெய்வங்களுக்குச் சாத்தினார்கள். இன்றைக்கும் நவம்பர் முதல் இரண்டு நாட்களில், இறந்துபோன பெரியவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம்பி, கல்லறையிலிருந்து வாசற்படி வரை இந்தப் பூவின் இதழ்களைத் தூவி வழி காட்டுகிறார்கள். கொலம்பஸுக்குப் பிறகு ஸ்பானியர்கள் கையில் ஐரோப்பா போய், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தயவில் இந்தியா வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். மிளகாயும் முந்திரியும் வந்த அதே ரூட். சாந்தோமில் போர்ச்சுகீசியர் குடியேறியதும் அதே நூற்றாண்டில்தான். ஆக, நம் ஆயுத பூஜைச் செண்டுமல்லிக்கு அதிகபட்சம் ஐந்நூறு வயது!

நம் வீட்டு வாசலில் இருக்கிற பூக்களுக்கு ஒரு டெஸ்ட் வைக்கலாம். கபிலர் எழுதிய குறிஞ்சிப்பாட்டு தெரியும்தானே? பெண்கள் குளித்துவிட்டு வந்து பாறையில் குவித்த பூக்கள் என்று 99 பூக்களின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவார். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, முல்லை, புன்னை என்று போகும் அந்தப் பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மயிலாப்பூர் காம்பவுண்டுக்குள் நுழையுங்கள். காகிதப்பூ? இல்லை. அந்திமந்தாரை? இல்லை. நிலச்சம்பங்கி, தங்க அரளி, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி? ஒன்றுகூட இல்லை. இருக்க முடியாது. கபிலர் காலத்தில் இவையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. அந்திமந்தாரையும் சம்பங்கியும் தங்க அரளியும் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். டேபிள் ரோஸ் தென் அமெரிக்கா. செம்பருத்திக்கு அறிவியல் பெயரிலேயே சீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவன் கோயில் வாசலில் பக்தியோடு அண்ணாந்து பார்க்கிறோமே நாகலிங்கப் பூ... அதுவும் தென் அமெரிக்காவின் கயானாக் காட்டிலிருந்து வந்ததுதான்! வேடிக்கை என்னவென்றால், 'டெல்லி கனகாம்பரம்' என்று பெயரில் வெளியூர் வைத்து விற்கிறோமே, அந்தக் கனகாம்பரத்தின் குடும்பம் அசல் தென்னிந்தியா-இலங்கைக் குடும்பம்.

பெயர் வைப்பதில் நம்மவர்கள் சாமர்த்தியசாலிகள். ஒரு செடி எங்கே பிறந்தது என்று ஆராய்ச்சி பண்ணமாட்டார்கள். யார் கையிலிருந்து வந்ததோ, எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அதையே பெயராக ஒட்டிவிடுவார்கள். துருக்கியர் என்பதிலிருந்து பிறந்த துலுக்கர், 'வெளியிலிருந்து வந்தது' என்ற அர்த்தத்தில் ஒரு மெக்ஸிகோ பூவுக்கு முன்னொட்டானார். கோயில்களிலும் கல்லூரிகளிலும் உதிர்ந்து கிடக்கும் ப்ளுமேரியா மத்திய அமெரிக்காவில் பிறந்தது. தமிழில் அதன் பழைய பெயர் ஈழத்தலரி. கடைசியாக இலங்கைப் பக்கமிருந்து வந்ததால் ஈழத்து அலரி ஆகிவிட்டது. அதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது 'சீமை'. சீமை அகத்தி, சீமைப் பலா, சீமைக் கருவேலம்!

சரி, இவையெல்லாம் வாசலுக்கு எப்படி வந்தன? அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. வாசலில் ஏன் செடி?

பழைய மயிலாப்பூர் மாடவீதி வீடு ஒன்றை மனசில் கொண்டுவாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அப்புறம் ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு. எல்லாம் தாண்டிக் கடைசியில் கொல்லை. கிணறு, துவைக்கிற கல், தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை, ஓரமாக மல்லி, பவழமல்லி, நந்தியாவட்டை. பூ என்பது பறிப்பதற்கு. ஒன்று சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு. வாசலுக்கு அலங்காரம் கோலம்தான். வீட்டுக்கு முன்னால் செடியை வைத்து, பூத்ததைப் பறிக்காமல், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று விட்டுவைப்பது மாடவீதிக்குத் தெரியாத பழக்கம்.

அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்த வெள்ளைக்காரர்கள் வெளியே வந்தார்கள். சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாறு என்று பரந்த இடங்களில் 'கார்டன் ஹவுஸ்' கட்டினார்கள். நடுவில் பங்களா, முன்னால் வண்டி வந்து நிற்க போர்டிகோ, சுற்றிலும் தோட்டம். பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882-ல் அடையாற்றில் பிரம்மஞான சபைக்காக வாங்கிய ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் இப்படிப்பட்ட ஒரு வீடுதான். பூ கொல்லையிலிருந்து வாசலுக்கு இடம் மாறியது இந்தத் தலைமுறையில். பறிக்கிற பூவோடு, பார்க்கிற பூவும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒருவர் கதையை மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் பெரிய டாக்டர். நோயாளிகளைவிடச் செடிகள் மேல் அவருக்குப் பிரியம் ஜாஸ்தி. 1786-ல் மெட்ராஸ் பக்கத்துப் புல்லில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பூச்சியைப் பார்த்தார். நசுக்கினால் சிவப்பு. ஆளுக்குத் தலைகால் புரியவில்லை!

ஏன்? அந்தக் காலத்தில் உலகின் உசத்தியான சிவப்புச் சாயம் கோச்சினீல். மெக்ஸிகோவில் சப்பாத்திக்கள்ளி மேல் வாழும் பூச்சியைக் காயவைத்துப் பொடித்து எடுப்பது. ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். முழு ஏகபோகமும் ஸ்பெயினுக்கு. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குக்கூட எதிரியிடம்தான் சாயம் வாங்க வேண்டிய நிலை. மெட்ராஸிலேயே சாயப் பூச்சி கிடைத்தால்? ஆண்டர்சன், லண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். பூச்சி அது இல்லை என்று பதில் வந்தது. மனிதர் விடவில்லை. 'நிஜப் பூச்சி ஒருநாள் வரும், அதற்குத் தீனி தயாராக இருக்கட்டும்' என்று சைதாப்பேட்டையில், மர்மலாங் பாலத்துப் பக்கம், சப்பாத்திக்கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி மேற்பார்வை.

1795-ல் நெல்சன் அல்ல, நீல்சன் என்றொரு ராணுவ கேப்டன், பிரேசிலின் ரியோ துறைமுகத்திலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளிச் செடிகளைக் கல்கத்தாவில் இறக்கினார். அங்கிருந்து மெட்ராஸுக்கும் வந்தது. ஆனால், அது அசல் கோச்சினீல் இல்லை. அதன் மட்டமான சொந்தக்காரப் பூச்சி. சாயம் தேறவில்லை. ஆனால், கள்ளியை மட்டும் வெளுத்து வாங்கியது! 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டத்துக்கு மூடுவிழா. மிச்சமிருந்த செடிகள் பெங்களூர் லால்பாக்குக்குப் போயின. 1809-ல் ஆண்டர்சனும் போய்ச் சேர்ந்தார்.

தோல்விக் கதை என்று முடித்துவிடாதீர்கள். தென்னிந்தியா முழுக்க வேலிக்காக நட்ட சப்பாத்திக்கள்ளி வகைகள் அடுத்த நூறு வருஷத்தில் வயல், மேய்ச்சல் நிலம், குளக்கரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டன. வெட்டினால் விழுந்த துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும். கொளுத்தினாலும் போகவில்லை. விவசாயி தவித்த தவிப்புக்கு முடிவு வந்தது 1926-ல். இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் பல்லாயிரம் ஏக்கர் கள்ளி அழுகி விழுந்தது. அந்தப் பூச்சி வேறு யாரும் இல்லை. ஆண்டர்சன் ஆயுள் முழுக்கத் தேடினாரே கோச்சினீல், அதன் பங்காளி. அவர் கள்ளி வளர்த்துப் பூச்சி தேடினார். அவர் பேரன்களின் காலத்தவர்கள் கள்ளியை ஒழிக்கப் பூச்சி தேடினார்கள்!

ஆண்டர்சனுக்கு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒரு நினைவுச் சிலை உண்டு. கதீட்ரல் சாலைக்குப் பெயர் கொடுத்த சர்ச். அதன் பக்கத்திலேயேதான் மெட்ராஸ் பூக்களின் அடுத்த அத்தியாயம். 1835-ல் 'அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொஸைட்டி' தொடங்கப்பட்டது. முக்கியக் காரணகர்த்தா டாக்டர் ராபர்ட் வைட். இவரும் ஸ்காட்லாந்து, இவரும் டாக்டர். அது என்னமோ அப்படி ஒரு ராசி.

நேரமும் கூடிவந்தது. அதுவரைக்கும் செடியைக் கப்பலில் அனுப்புவது ஏறக்குறைய கொலைக்குச் சமம். நாலைந்து மாதப் பயணம், உப்புக் காற்று, குடிக்கவே தண்ணீர் ரேஷன்... செடிக்கு யார் ஊற்றுவார்கள்? லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற டாக்டர் (சொன்னேனே, ராசி!) 1829-ல் ஒரு மூடிய பாட்டிலில் விட்டில் பூச்சிக் கூட்டை வைத்திருந்தார். அதிலிருந்த ஈர மண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்தது. பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது, தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று கண்டுகொண்டார். 1833-ல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னி வரை அனுப்பிப் பார்த்தார். பிழைத்துவிட்டன. வார்ட் பெட்டி என்றே பெயர் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? தேயிலையும் ரப்பரும் கண்டம் விட்டுக் கண்டம் போனது அந்தப் பெட்டியில்தான். தோட்டங்களுக்கான அலங்காரச் செடிகளும் அப்படியே.

இங்கே இருவரைச் சொல்லாமல் போனால் பாவம். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். ராபர்ட் வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரங்களின் பெரும் படத்தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவற்றுக்கு மூலமான ஓவியங்களில் பெரும்பகுதி இவர்கள் கைவண்ணம். ஒரு ஆர்க்கிட் வகைக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். அந்தக் காலத்தில் ஒரு துரை இந்திய ஓவியருக்குச் செய்த மரியாதை என்று பார்த்தால், அபூர்வம். என்றாலும், இவர்கள் எந்த ஊர்த் தெருவில் வாழ்ந்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பாடம் இல்லை.

பெயர் மறைந்துபோனவர்கள் இந்தக் கதை நெடுக இருக்கிறார்கள். காகிதப்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். போகன்வில்லா என்ற பெயர் பிரெஞ்சுக் கப்பல் தளபதி புகன்வீலுடையது. 1767-ல் ரியோவில் அதைச் சேகரித்த பெருமை கப்பலின் தாவரவியலாளர் கொமர்சனுக்கு. அவருக்கோ காலில் தீராத புண். அவருடைய உதவியாளராக ஆண் வேஷத்தில் கப்பலேறியிருந்தவர் ஜான் பாரே என்ற பெண். மலையேறி, மூட்டை சுமந்து செடி சேர்த்ததெல்லாம் அவர்தான். அந்தக் கொடியை முதலில் பறித்ததும் அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உலகைக் கப்பலில் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்றைக்கு வரலாறு அவரைச் சொல்கிறது. பூவுக்குப் பெயர் மட்டும் தளபதியுடையது. போகிறபோக்கில் இதையும் கவனியுங்கள்: காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கிற வண்ணமெல்லாம் இலைதான். நடுவில் குச்சி மாதிரி வெள்ளையாக நிற்கிறதே, அதுதான் பூ!

கார்டன் ஹவுஸ் பூக்கள் மாடவீதிக்கு எப்படி வந்தன? எந்த சொஸைட்டியும் வந்து கொடுத்திருக்காது. துரை வீட்டுத் தோட்டக்காரர் ஒரு போத்து ஒடித்துப் போயிருப்பார். அவர் வீட்டில் பூத்ததைப் பார்த்துப் பக்கத்து வீடு. 'மாமி, ஒரு கிளை ஒடிச்சுக்கட்டுமா?' என்ற ஒரு வாக்கியம் நம்மூர்த் தாவரவியலுக்குச் செய்த சேவையை எந்த ஆராய்ச்சி நிலையமும் செய்ததில்லை. மாமி இல்லாத நேரத்தில் ஒடித்தது இன்னும் நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. மணி பிளான்ட் வீடு வீடாகப் பரவியது முழுக்க இந்த சித்தாந்தத்தின் பேரில்தான்.

வந்த பூவை நம்மவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. அதற்கு வேலை கொடுத்தார்கள். சம்பங்கி கல்யாண மாலைக்குப் போனது. தங்க அரளி சிவனுக்கு. செண்டுமல்லி எந்திரங்களுக்கு. நாகலிங்கத்தில் படமெடுத்த பாம்பும் அடியில் லிங்கமும் தெரிந்ததும் தென் அமெரிக்க மரம் சைவ மரமாகிவிட்டது. பறிக்கவும் முடியாமல், மணமும் இல்லாமல் நின்ற போகன்வில்லாவுக்கு வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் 'காகிதம்' என்று பெயர் வைத்து, காம்பவுண்டுச் சுவர் மேலேயே விட்டுவிட்டார்கள்.

1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உருவாக்கினபோது, இந்த இரண்டு உலகமும் ஒரே மனையில் சேர்ந்தன. கிரவுண்டு கணக்கில் மனை. முன்னால் குரோட்டன்ஸும் போகன்வில்லாவும், பின்னால் கிணறும் மல்லியும். நடுத்தர வர்க்கத்தின் மினி கார்டன் ஹவுஸ். ஐம்பது அறுபது வருஷம்தான் தாக்குப்பிடித்தது. 1980-களுக்குப் பிறகு பிளாட் வந்தது. ஒரு கிரவுண்டில் ஆறு வீடு. தோட்டம் பால்கனிக்கு ஏறித் தொட்டிக்குள் சுருண்டது. கதீட்ரல் சாலையிலும் காட்சி மாறியது. சொஸைட்டி கைவசமிருந்த நிலத்தில் 1962-ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டு, 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு எதிர்ப்பக்க நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டு, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பூ பார்க்கிற காலத்துக்கு வந்துவிட்டோம். தப்பென்று சொல்லவில்லை. பார்க்கவாவது இடம் இருக்கிறதே!

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வந்த எல்லாப் பூவும் வாசலோடு நிற்கவில்லை. 1809-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது உண்ணிச்செடி. ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸுமாக, நிஜமாகவே அழகான பூ. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோயின. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் இன்றைக்கு யானைக்குப் புல் முளைக்க இடமில்லாமல் அது அடைத்து நிற்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதை வெட்டி, தண்டை வளைத்து, ஆளுயரத்தைத் தாண்டிய யானை உருவங்கள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன. ஆகாயத்தாமரைக் கதையும் இதேதான். அமேசான் பக்கத்துச் செடி, அந்த ஊதாப் பூவுக்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தில் யாரோ குளத்தில் விட்டார்கள். இன்றைக்கு அடையாற்றில் மழைக்காலத்துக்கு முன்னால் பொக்லைன் வைத்து அள்ளுகிறோம்.

அப்படியானால், வெளியூர்ச் செடி என்றாலே கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டியதுதானா? அங்கேதான் இடிக்கிறது. நித்தியகல்யாணியை என்ன செய்வீர்கள்?

பிறந்தது மடகாஸ்கர் தீவு. இங்கே வந்து, யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில்கூட வருஷம் முழுக்கப் பூத்தது. பூஜைக்கு வைத்தவர்கள் நித்தியகல்யாணி என்றார்கள். கல்லறைப் பக்கம் அதிகம் பார்த்தவர்கள் சுடுகாட்டு மல்லி என்றார்கள். ஒரே செடிக்கு இரண்டு பெயர், இரண்டு ஜாதகம். 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கவர் போனது. உள்ளே 25 இலைகள். 'எங்க ஊரில் சர்க்கரை வியாதிக்கு இதைக் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள்' என்று குறிப்பு. டாக்டர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அடடா, ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது அதுதானே! சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். அதே செடியிலிருந்து பின்னாலேயே வின்கிரிஸ்டின். ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் கிட்டத்தட்ட மரண தண்டனையாக இருந்த காலம் அது. மற்ற மருந்துகளோடு வின்கிரிஸ்டின் சேர்ந்த பிறகு பெரும்பாலான குழந்தைகளைப் பிழைக்கவைக்க முடிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் எத்தனையோ குழந்தைகளின் ரத்தத்தில் அந்தச் செடியின் சத்து ஏறியிருக்கிறது. மடகாஸ்கருக்கு இதில் காலணா வரவில்லை என்பது தனி வழக்கு. நம் தென் மாவட்டங்களில் நித்தியகல்யாணியை வயலில் பயிரிட்டு, இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் பழைய காம்பவுண்டுச் சுவர் விரிசல்களில் அந்த இளஞ்சிவப்பு ஐந்திதழ் இப்போதும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதையே கொஞ்சம் பெரிய இதழ், நாலைந்து புது நிறங்களில் ஒட்டுரகமாக்கி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து நர்சரிகளில் விற்கிறார்கள். 'இது நம்ம சுடுகாட்டு மல்லிதானே?' என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வந்துவிடும்.

'அது வேற சார். இது விங்கா!'